எடுத்துக்கொண்டு வருகிற மறதி

மறதிக்காரர்களில் இரண்டு இனம் உண்டு. கடைக்குப் போனால் குடையையோ, மூக்குக் கண்ணாடியையோ, சில சமயம் கூட்டிக்கொண்டு போன மாமியாரையோ அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்து சேருகிறவர்கள் ஒரு இனம். அவர்களால் உலகத்துக்குத் தீங்கில்லை; கடைக்காரருக்குத்தான் மாமியாரை உபசரிக்கிற சிரமம். நாம் பார்க்கப் போவது மற்ற இனத்தை. இவர்கள் எதையும் விட்டுவிட்டு வருவதில்லை. போகும்போது கையில் என்னென்ன இருந்ததோ அத்தனையும் திரும்பும்போதும் இருக்கும். கூடவே, போகும்போது இல்லாத ஒன்றிரண்டும் இருக்கும். கேட்டால், "அடடே, மறந்துபோட்டனுங்க" என்பார்கள். எடுத்தது நன்றாக ஞாபகமிருக்கும். எடுத்ததைச் சொல்லத்தான் மறந்திருப்பார்கள்.

இவர்களைத் திருடர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. திருடன் சுவரேறிக் குதிப்பான். இவர்கள் பட்டப்பகலில், நெற்றியில் திருநீறும் தோளில் சரிகை அங்கவஸ்திரமுமாக, செருப்பை ஜோடி பார்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார்கள். சந்தையில் பசிக்காக நாலு வெங்காயத்தை மடியில் கட்டிக்கொண்ட கூலிக்காரனுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் அடி, அப்புறம்தான் பெயரையே கேட்பார்கள். அவனிடம் பேசுகிற பேச்சுக்கு யாரும் 'ங்க' போடுவதில்லை. நம் இனத்தாரையோ, கையும் களவுமாகப் பிடித்தாலும் 'ங்க' போட்டுத்தான் பிடிப்பார்கள். கோயமுத்தூர் மரியாதை அப்படிப்பட்டது. அந்த மரியாதையைத் தின்றுதான் இந்த இனம் கொழுத்தது.

உதாரணத்துக்கு உக்கடத்துத் திருமலைசாமி இருக்கிறார். வயது நாற்பத்தைந்து. குளத்துக்குக் கீழே நாலு ஏக்கர் நன்செய். நெல்லுக்கும் கரும்புக்கும் குறைவில்லை. பிள்ளை குட்டி இல்லை. மனைவி ராசாத்தாள் இருக்கிறாள். வேண்டியதையெல்லாம் காசு கொடுத்தே வாங்கலாம், வாங்கியும் வந்தார். ஆனால் வேண்டாததை எப்படிக் காசு கொடுத்து வாங்குவது? அதற்காகத்தான் அவருக்கு மறதி தேவைப்பட்டது. சைக்கிள் இல்லாத அவர் சைக்கிள் மணி இரண்டு கொண்டுவந்தார். கிராமபோன் ஊசி டப்பா ஒன்று, ஜப்பான் பீங்கான் கோப்பை ஒன்று, அரிக்கன் விளக்குக்கான கண்ணாடி ஒன்று, கான்வாஸ் பூட்ஸில் இடது கால் மட்டும் ஒன்று. இதையெல்லாம் அவர் விற்றதில்லை, உபயோகித்ததில்லை, யாருக்கும் காட்டியதும் இல்லை. கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறப்பார், பார்ப்பார், பூட்டுவார். அவ்வளவுதான்.

அவருடைய தொழில் நுட்பம் எல்லாம் விசாரிப்புதான். கடைக்காரரின் தாயாருக்கு முழங்கால் வலி என்று எங்கிருந்தோ தெரிந்து வைத்திருப்பார். "ஏனுங்க, அம்மாவுக்கு இப்பக் கால் தேவலைங்களா? தைலம் போடறீங்களா, ஒத்தடம் குடுக்கறீங்களா?" என்று ஆரம்பித்தால், நம் ஊரில் எந்தக் கடைக்காரர் அவர் கையைப் பார்ப்பார்? முகத்தைத்தான் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும். பெற்ற தாயின் முழங்காலை விசாரிக்கிறவருடைய கையைப் பார்ப்பது எவ்வளவு பெரிய அநாகரிகம்! பைகாரா மின்சாரம் வந்து பெரிய கடை வீதியெல்லாம் பல்பு போட்டபோது, இந்த இனத்தைச் சேர்ந்த மற்றவர்கள் கலங்கிப் போனார்கள். திருமலைசாமி கலங்கவில்லை. "வெளிச்சம் வந்தா சரிகையைப் பாப்பாங்க. கையை எதுக்குங்க பாக்கப் போறாங்க?" என்றார். அனுபவஸ்தர்.

ஆனாலும் மாட்டிக்கொண்டார். ஒரு தடவையல்ல, இரண்டு தடவை. முதல் தடவை கோர்ட்டில் புத்தி சொல்லி, இனிமேல் ஒழுங்காக இருப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டாந் தடவை அந்த இடது கால் பூட்ஸின் ஜோடிக்காக மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அந்த மூன்று மாதமும் ராசாத்தாள், குன்னூரில் எஸ்டேட் பார்க்கப் போயிருக்கிறார் என்று தெருவுக்கெல்லாம் சொன்னாள். அவர் திரும்பி வந்த அன்றைக்கு, "குளிரு எப்படிங்க இருந்துது?" என்று நாலு பேர் கேட்டார்கள். நடுங்கிக் காட்டினார்.

மூன்றாவது தடவைதான் இந்தச் சேலை விவகாரம். அதைச் சொல்வதற்கு முன்னால், நம் ஊர் ஜவுளிக்கடை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. பவானி ஜமுக்காளத்தில் உங்களை உட்கார வைத்து, மோர் கொடுத்து, நாற்பது சேலையைப் பிரித்துப் போடுவார்கள். நீங்கள் ஒன்றும் வாங்காமல் எழுந்திருப்பீர்கள். உடனே கடைக்காரர், உங்களுக்குப் பிடித்த மாதிரி தெரிந்த சேலையை இரண்டு கையாலும் எடுத்து நீட்டி, "எடுத்துட்டுப் போங்க, ஊட்டுல காமிச்சுப்போட்டு வாங்க, காசெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்பார். நீங்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்து, "அட, இருக்கட்டுங்க, நாளைக்கு ஊட்டுல கூட்டிட்டே வாரனுங்க" என்பீர்கள். நாளைக்கு நீங்கள் வரமாட்டீர்கள் என்று அவருக்குத் தெரியும். நீட்டிய சேலையை நீங்கள் வாங்கமாட்டீர்கள் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்துதானே நீட்டுகிறார்! யாராவது நிஜமாகவே வாங்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று ஜவுளிக்கடைத் தெருவில் ஒருவரும் யோசித்ததில்லை. அப்படி ஒருவர் செய்ததே இல்லை.

சுந்தரராஜுலு அந்தத் தெருவிலேயே பெயர் பெற்ற மரியாதைக்காரர். அவர் கடையில்தான் ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம் திருமலைசாமி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முழங்கால் விசாரிப்பு ஆயிற்று, மோர் ஆயிற்று, நாற்பது சேலை ஆயிற்று. "எடுத்துட்டுப் போங்க" என்று சுந்தரராஜுலுவும் நீட்டினார். "இருக்கட்டுங்க" என்று திருமலைசாமியும் நகர்ந்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. படி இறங்கும்போது பார்த்தால் அங்கவஸ்திரத்துக்கு அடியிலிருந்து மாம்பழ நிறத்தில் ஒரு முந்தானை எட்டிப் பார்க்கிறது.

சுந்தரராஜுலு பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார். "ஏனுங்க, ஒரு நிமிசமுங்க. தப்பா நெனைக்காதீங்க. உங்க அங்கவஸ்திரத்துக்குள்ளே எங்க சீலை ஒண்ணு ஏறிக்கிச்சாட்ட இருக்குதுங்க."

"அடடே! ஆமாங்களே!" என்று திருமலைசாமியும் குனிந்து பார்த்து ஆச்சரியப்பட்டார். "எப்ப ஏறுச்சுங்க இது?"

இரண்டு பேரும் சேர்ந்து சேலையைக் குற்றம் சொல்லிவிட்டுச் சிரித்துப் பிரிந்திருப்பார்கள். கெடுத்தது ஒரு போலீஸ்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அடுத்த கடையில் துண்டு வாங்கிக்கொண்டிருந்தார். "என்னவே, ஏறிக்கிச்சுங்க, எறங்கிச்சுங்கன்னு பேசுதீரு? களவாண்டிருக்கான்வே!" என்று ஒரே பிடியாகப் பிடித்துவிட்டார். பிடித்த பிறகு பார்த்தால் பழைய இரண்டு கேஸ். மூன்றையும் ஒன்றாகக் கட்டி, இந்தத் தடவை இரண்டு வருஷம் நிச்சயம் என்று ஸ்டேஷனிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஜாமீனில் வீட்டுக்கு வந்தவரை ராசாத்தாள் வாசலிலேயே நிறுத்தினாள்.

"மூணு மாசத்துக்குக் குன்னூருன்னு சொன்னனுங்க. ரெண்டு வருசத்துக்கு எங்கீங்க அனுப்பறது? ரங்கூனுக்கா? ரங்கூன்ல இருந்து கடுதாசி வரலையான்னு கேப்பாங்க. அதையும் நானே எழுதிக்கோணுமா?"

"மறந்துபோட்டேன் ராசாத்தா..."

"அந்தப் பேச்சை எங்கிட்டப் பேசாதீங்க. இந்த வாட்டி உள்ளே போனீங்கன்னா, நான் சத்தியமங்கலத்துக்கு என்ற அண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். நீங்க வந்தாலும் நான் வரமாட்டேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். அது திருமலைசாமிக்குத் தெரியும். இரண்டு வருஷ ஜெயிலைவிட, அது முடிந்து வந்து பூட்டின கதவைப் பார்ப்பதுதான் அவரை அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவிடாமல் செய்தது.

இருந்தாலும் கோர்ட்டுக்குப் போகும்போது இந்த இனத்துக்கு ஒரு தோரணை வந்துவிடும், கவனித்திருக்கிறீர்களா? புதிதாக வருகிறவன் கூனிக் குறுகி நிற்பான். மூன்றாந் தடவைக்காரர் சொந்த ஊருக்கு வந்த மாதிரி வருவார். டவாலிச் சேவகரிடம் குழந்தைகள் சௌக்கியமா என்பார். எந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் காற்று வரும், மாஜிஸ்திரேட் எத்தனை மணிக்குக் காப்பி குடிப்பார், காப்பிக்கு முன் விசாரணை நல்லதா பின் நல்லதா, எல்லாம் அத்துப்படி. அன்றைக்கு ஆடு திருடிய கேஸில் முதன்முதலாக வந்திருந்த ஒருவன் அழுதுகொண்டிருந்தான். திருமலைசாமி அவனைத் தட்டிக்கொடுத்து, "கூண்டுக் கட்டையைப் புடிக்காதீங்க, பயந்தவனாட்டம் தெரியும். கையை முன்னால கட்டிக்குங்க. மூணாவது கேள்விக்கு ஒரு இருமல் இருமுங்க" என்று பாடம் நடத்தினார். அவன் 'சரிங்க சாமி' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். தன்னுடைய கையையும் அவர் முன்னால்தான் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

வக்கீல் தம்பிதுரை கெட்டிக்காரர். அன்றைய மாஜிஸ்திரேட் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஊருக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்பதை அவர் குறித்து வைத்திருந்தார். சுந்தரராஜுலு சாட்சிக் கூண்டில் ஏறியதும் இரண்டே கேள்விதான் கேட்டார்.

"எடுத்துட்டுப் போங்க, ஊட்டுல காமிச்சுப்போட்டு வாங்கன்னு நீங்க சொன்னீங்களா, இல்லீங்களா?"

சுந்தரராஜுலு திரும்பிப் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்து பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் அவருடைய வாடிக்கைக்காரர்கள். அத்தனை பேரிடமும் அவர் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார். சொல்லவில்லை என்றால் மரியாதை கெட்டவர். சொன்னேன், ஆனால் ஒப்புக்குச் சொன்னேன் என்றால், நாளைக்குக் கடையில் மோர் குடிக்கக்கூட ஆள் வராது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னனுங்க."

"ஒப்புக்குச் சொன்னதா, மனசாரச் சொன்னதா?"

"என்னுங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? மனசாரத்தானுங்க சொன்னேன்!"

பெஞ்சில் எல்லாரும் தலையாட்டினார்கள். மாஜிஸ்திரேட் மட்டும் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் இந்த மனுஷர் எடுத்துக்கொண்டு போனதில் என்ன தப்பு? நீர்தானே எடுத்துக்கொண்டு போகச் சொன்னீர்?" என்று கேட்டார். சுந்தரராஜுலு மாஜிஸ்திரேட்டை ஏற இறங்கப் பார்த்தார். நம் ஊர்ப் பேச்சைச் சொன்னபடியே நம்புகிற ஒருவரை அவர் அன்றுதான் பார்க்கிறார்.

கேஸ் பாதி ஜெயித்தாகிவிட்டது. மீதிப் பாதிக்கு ராசாத்தாள் வந்தாள். கணவர் அன்று காலையில் சேலை கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார் என்று அவள் சொன்னால் போதும், விடுதலை. அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கம்தான், குன்னூரையே சமாளித்தவள். ஆனால் இத்தனை நாளும் அவள் அந்தச் சேலையைப் பார்த்ததில்லை. கோர்ட் மேஜையில் அது பிரித்துக் கிடந்தது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. அதைப் பார்த்துக்கொண்டேதான் கூண்டில் ஏறினாள்.

"அன்னிக்குக் காலையில, சீலை கொண்டாந்து காமிக்கறேன்னு உங்க ஊட்டுக்காரரு சொல்லிப்போட்டுத்தானுங்களே போனாரு?" என்றார் தம்பிதுரை.

"ஆமாங்க."

முடிந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் தம்பிதுரை பெரிய வக்கீல். ஆனால் பெஞ்சு நிறையக் கூட்டம் இருக்கும்போது ஒரு கேள்வியோடு உட்காருகிற வக்கீலை நீங்கள் பார்த்ததுண்டா? அவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எப்பவுமே இப்படிக் கடையில இருந்து கொண்டாந்து, உங்களுக்குக் காமிச்சு, நீங்க சரின்னு சொன்னாத்தான் வாங்குவாரு, இல்லீங்களா? இது வரைக்கும் என்னென்ன காமிச்சிருக்காரு, ஐயாகிட்டச் சொல்லுங்கம்மணி."

ராசாத்தாள் சேலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணும் காமிச்சதில்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மணி."

"பன்னண்டு வருசமா யோசிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஜப்பான் கோப்பை ஒண்ணு கொண்டாந்தாரு. அதுல ஒரு வாய் காப்பி ஊத்தி, இந்தா குடின்னு எனக்குக் குடுத்ததில்லீங்க. எல்லாம் பொட்டியில வெச்சுப் பூட்டிக்குவாரு. இதும் அந்தப் பொட்டிக்குத்தானுங்க போயிருக்கும். எனக்குன்னு இந்த மனுசன் ஒரு ரவிக்கைத் துணி எடுத்ததில்லீங்க."

தம்பிதுரை அவசரமாக, "போதுமுங்க, எறங்குங்க" என்றார். அதற்குள் எதிர்க் கூண்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"இல்லே ராசாத்தா! இது உனக்குத்தான்!"

"பொய்யி."

"உன்ற மேல சத்தியமா உனக்குத்தான் அம்மணி! குன்னூருன்னு ஊரெல்லாம் சொல்லிச் சமாளிச்சியே, நான் வந்தப்ப ஒரு வார்த்தை கேக்காம வெந்நி வெச்சுக் குடுத்தியே, உனக்கு ஏதாச்சும் செய்யோணுமுன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு..."

"எனக்குன்னா காசு குடுத்து வாங்கியிருப்பீங்க!"

இந்த இனத்தைச் சேர்ந்தவரிடம் ஒருபோதும் சொல்லக் கூடாத வார்த்தை அது. திருமலைசாமிக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று. கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"காசு குடுத்து யாரு வேணுமின்னாலும் வாங்கிப்போடுவாங்க! அதுல என்ன இருக்குது? நாப்பது சீலையில உன்ற நெறத்துக்கு எது எடுக்குமுன்னு ஒரு மணி நேரம் பாத்து, அவரு தலையைத் திருப்பற வரைக்கும் காத்திருந்து, நெஞ்சு படபடக்க, உனக்குன்னு திருடினேன் அம்மணி!"

தம்பிதுரை இப்போது உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்து, "என்ன சொன்னீர்? திருப்பிச் சொல்லும்" என்றார்.

இன்னமும் வழி இருந்தது. ஒரு இருமல் இருமியிருக்கலாம்; வாய் தவறி வந்துவிட்டது என்றிருக்கலாம். திருமலைசாமி எதிர்க் கூண்டைப் பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை ராசாத்தாள் அவரைப் பார்த்ததில்லை. நம்பலாமா வேண்டாமா என்கிற கேள்வி அவள் முகத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அவருக்கு வேறு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

"திருடினனுங்க, ஐயா. மறக்கலீங்க. இவளுக்குன்னுதான் திருடினேன்."

இரண்டு வருஷம் என்று எழுத வேண்டிய இடத்தில், வாழ்க்கையில் முதன்முதலாக உண்மை சொன்னதற்காக ஒன்பது மாதம் என்று எழுதினார் மாஜிஸ்திரேட். சேலை கடைக்காரருக்கே போகட்டும் என்றார்.

தாழ்வாரத்தில் சுந்தரராஜுலு சேலையும் கையுமாக நின்றார். சுற்றி வாடிக்கைக்காரர்கள். எதிரே ராசாத்தாள், அழுத முகத்தோடு. இப்படி ஒரு நிலைமையில் சும்மா போக அவரால் முடியுமா? மனசாரச் சொல்கிறவர் என்று சற்று முன்புதான் சத்தியப் பிரமாணம் செய்திருக்கிறார். இரண்டு கையாலும் சேலையை நீட்டி, "எடுத்துட்டுப் போங்கம்மணி, காசெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்றார்.

"சரிங்க" என்றாள் ராசாத்தாள்.

வாங்கி, மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜட்கா ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். நீட்டிய கையை மடக்கச் சுந்தரராஜுலுவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. திருநெல்வேலிப் போலீஸ்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். இதற்கு எந்தச் செக்ஷன் என்று அவருக்கும் தெரியவில்லை.

அவள் சத்தியமங்கலத்துக்குப் போகவில்லை. ஜெயிலில் பார்க்க விடுகிற முதல் நாளன்று அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். எதிர் வீட்டுச் சின்னத்தாயி, "புதுச் சீலையாட்டம் இருக்குதே?" என்றாள்.

"ஊட்டுக்காரரு எடுத்துக் குடுத்ததுங்க."

"அவரு எங்கீங்க, கண்ணுலயே காணோம்?"

"ஜெயில்ல இருக்காருங்க" என்றாள் ராசாத்தாள், அதே குரலில்.

போகட்டும். சிரித்துவிட்டீர்கள். இந்த இனத்துக்கும் நமக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று நினைத்துக்கொண்டு சிரித்தீர்கள். சந்தையில் ருசி பார்க்கிறேன் என்று ஒரு கைப்பிடி கடலையை அள்ளிக்கொண்டு, வாங்காமலே அடுத்த கடைக்கு நகர்ந்து, அங்கேயும் ருசி பார்த்தவர் யார்? கல்யாண வீட்டுக்குப் போனால் உங்கள் செருப்பு மாறிவிடுகிறது, சரி. எப்போதும் புதுச் செருப்பாகவே மாறி வருகிறதே, அது எப்படி? அதையெல்லாம் விடுங்கள். கையிலிருக்கிற இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அங்கே எழுதியிருப்பது உங்கள் பெயரா, அல்லது போன தீபாவளிக்கு "படிச்சுப்போட்டுத் தாரனுங்க" என்று நீங்கள் சொல்லிவிட்டு வந்த நண்பருடைய பெயரா? மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுக்கிறீர்கள், தெரியும். நமக்குத் தெரிய வேண்டியது வேறு. இத்தனை மாதமாக அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தீர்களே, அதை உங்கள் வீட்டுக்காரிக்கு ஒரு நாளாவது படிக்கக் கொடுத்தீர்களா?